லினக்ஸ் பேக்கப்பைச் சுருக்கி வெளியூர் சர்வருக்கு அனுப்புவது: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் லேப், லாட்ஜ், பள்ளிக்கூடம், டேனரி, ஷூ கம்பெனி என்று பல இடங்களில் ஒரு மூலையில் லினக்ஸ் சர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே ஆள். பில்லிங் மெஷின், பிரிண்டர், வைஃபை எல்லாம் அவர் தலையில்தான், பேக்கப்பும் அப்படித்தான். அப்படிப்பட்டவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பாதிக்கு மேல் போனில் வந்த கேள்விகள். அதனால் கட்டளைகளையும் போனில் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன். டைப் அடிக்கும் முன் அந்தக் கட்டளையின் மேன் பக்கத்தை (சர்வரிலேயே இருக்கும் உதவிக் குறிப்பு) ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

சார், பேக்கப்தான் அதே சர்வர்லயே ரெண்டாவது டிஸ்க்ல இருக்குதே. வெளிய வேற எதுக்கு அனுப்பணும்?

இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில், ஒரே பவர் சப்ளையில், ஒரே அறையில் இருக்கின்றன. மின்னழுத்தம் எகிறினால் இரண்டும் போகும். திருடன் பெட்டியோடு தூக்கினாலும் அப்படித்தான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததை நம் பக்கத்தில் எல்லோரும் பார்த்தோம். கரையோரத்தில் தரைத்தளத்தில் சர்வர் வைத்திருப்பவர் அதற்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

ரெய்டு (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்து எழுதும் ஏற்பாடு) போட்டிருக்கிறோம் என்பதும் இதற்குப் பதில் ஆகாது. ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் ஓடுவதற்குத்தான் ரெய்டு. தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், அந்த நொடியே இரண்டு டிஸ்க்கிலும் அழியும்.

மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது பரவலாகச் சொல்லப்படும் விதி. வேறு இடம் என்றால் மாடி அறை அல்ல, முதலாளி வீடும் அல்ல. இங்கே வரும் வெள்ளமோ தீயோ எட்டாத ஊர். நமக்குச் சென்னை, பெங்களூர் இரண்டும் கைக்கெட்டும் தூரம்தான். வாடகை சர்வர் என்றால் எந்த ஊராக இருந்தாலும் சரி.

டார் பண்ணாலே ஃபைல் சின்னதாயிடும்னு நெனச்சேன். அப்படியே இருக்குதே, இன்னா காரணம்?

டார் மூட்டை கட்டும் கருவி, அவ்வளவுதான். பல ஃபைல்களை அவற்றின் பெயர், உரிமையாளர், அனுமதி, தேதியோடு ஒரே ஃபைலாக அடுக்கும். 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்தே இருக்கிறது; டேப்பில் தொடர்ச்சியாக எழுதுவதற்காகச் செய்தது. சுருக்கும் வேலை அதனுடையது அல்ல. சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் மூட்டை கொஞ்சம் பெரிதாகக்கூட ஆகும். ஒவ்வொரு ஃபைலுக்கும் 512 பைட் தலைப்பு சேர்கிறது.

சுருக்குவதற்குத் தனிக் கருவி வேண்டும். டாரில் இசட் விருப்பம் கொடுத்தால் அது உள்ளே ஜிஜிப்பைக் கூப்பிடுகிறது. அதனால்தான் டாரே சுருக்குவதாகத் தோன்றுகிறது.

ஜிஜிப், பிஜிப்2, எக்ஸ்இசட், இசட்எஸ்டின்னு நாலு சொல்றாங்க. எதைப் போடறது?

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பதில் இசட்எஸ்டி. யான் காலே எழுதி, ஃபேஸ்புக் 2016இல் வெளியிட்டது. எவ்வளவு அழுத்திச் சுருக்குவது என்பதற்கு நிலை எண் உண்டு, கூடினால் சுருக்கம் கூடும், வேகம் குறையும். மூன்றாம் நிலைதான் அதன் இயல்பு. அந்த நிலையிலேயே பொதுவாக ஜிஜிப் அளவுக்கோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவோ சுருக்கும், வேகமோ பல மடங்கு. பெரிய டி, பூஜ்யம் என்ற விருப்பம் கொடுத்தால் சர்வரின் எல்லா கோர்களையும் பயன்படுத்தும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, எந்த நிலையில் சுருக்கினாலும் விரிப்பது வேகமாக நடக்கிறது என்பதுதான். பேக்கப்பை விரிக்கும் நாளில் முதலாளி உங்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பார்.

ஜிஜிப் 1992இலிருந்து இருக்கிறது. எந்த லினக்ஸிலும் திறக்கும். பத்து வருடம் கழித்து யாரோ முகம் தெரியாத ஒருவர் திறக்க வேண்டிய ஃபைல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஜிஜிப்தான். வேகம் போதவில்லை என்றால் பிக்ஜீ என்ற கருவி அதே வகை ஃபைலைப் பல கோர்களில் செய்து தரும். எக்ஸ்இசட் இருப்பதில் நன்றாகச் சுருக்கும், ஆனால் மெதுவாக. அதன் 9ஆம் நிலைக்கு, ஒரே த்ரெட்டில் சுருக்கவே 674 எம்பி ராம் வேண்டும். 2 ஜிபி ராம் உள்ள பழைய மெஷினில் பில்லிங்கும் ஓடும்போது அதைப் போடாதீர்கள். பிஜிப்2வைப் புதிதாகத் தேர்ந்தெடுக்க இன்று எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. டார் தன் உள்ளேயே இசட்எஸ்டியைக் கூப்பிடும் வசதி 2019இல் வந்த 1.31 பதிப்பிலிருந்துதான். சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. அதன் டார் இதைவிடப் பழையது. அங்கே டாரின் வெளியீட்டைப் பைப் போட்டு, அதாவது ஒரு கட்டளையின் வெளியீடு நேராக அடுத்ததற்குப் போகும்படி, இசட்எஸ்டிக்குக் கொடுங்கள்.

எங்க லைன் 100 எம்பிபிஎஸ். 40 ஜிபி அனுப்ப ராத்திரி பூரா ஆகுது. லைன்காரன் ஏமாத்தறானா?

பெரும்பாலும் இல்லை. இரண்டு விஷயம் ஒன்றாகக் குழம்பியிருக்கிறது.

முதலாவது, லைன் வேகத்தை பிட்டில் சொல்கிறார்கள், ஃபைல் அளவை பைட்டில் சொல்கிறோம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட். இரண்டாவது, அந்த 100 கீழே இறக்கும் வேகமாக இருக்கலாம். பேக்கப் மேலே ஏறுகிறது. ஏற்றும் வேகம் 20 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 2.5 மெகாபைட். 40 ஜிபிக்கு 16,000 நொடி, அதாவது ஏறக்குறைய நாலரை மணி நேரம், வழியில் எந்தத் தடங்கலும் இல்லாமல். அதையே 10 ஜிபியாகச் சுருக்கினால் ஒரு மணி ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும்.

எந்தக் கருவி, எந்த நிலை என்பதற்கு நான் பார்க்கும் கணக்கும் இதுதான். சுருக்கும் வேகம், அனுப்பும் வேகம், இரண்டில் எது குறைவோ அதுதான் மொத்த வேலையின் வேகம். ஏற்றும் லைன் 2.5 மெகாபைட்தான் என்றால், இசட்எஸ்டியை 3இலிருந்து 9க்கோ 12க்கோ ஏற்றிப் பாருங்கள். ப்ராசசர் எப்படியும் லைனுக்காகச் சும்மா காத்திருக்கிறது. அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் சுருக்கட்டும். அதுவே பக்கத்துக் கட்டடத்துக்கு ஜிகாபிட் கேபிளில் அனுப்புகிறீர்கள் என்றால் தலைகீழ்: 1ஆம் நிலை போதும், அங்கே எக்ஸ்இசட் போட்டால் கேபிள் சும்மா கிடக்கும்.

எக்ஸ்ரே ஸ்கேன், பிடிஎஃப், போட்டோ எல்லாம் சுருக்கினா ஒரு எம்பி கூட கொறையல. நான் எதாவது தப்பா பண்றனா?

தப்பு எதுவும் இல்லை. ஜேபெக் படம், எம்பி4 வீடியோ, பெரும்பாலான பிடிஎஃப், வேர்டின் புதிய ஃபைல்கள் எல்லாம் பிறக்கும்போதே சுருக்கப்பட்டவை. அவற்றை மறுபடி சுருக்கினால் ப்ராசசர் சூடாவதுதான் மிச்சம். நம் ஊர் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் அதுவும் ஒரு செலவுதான்.

ஷூ டிசைன் போட்டோக்கள் ஒரு பக்கம், கணக்கு, லாக், டேட்டாபேஸ் டம்ப் இன்னொரு பக்கம் என்று பிரித்துவிடுங்கள். முதல் வகையைச் சுருக்காமல் ஆர்சிங்கில் (மாறியதை மட்டும் அனுப்பும் கருவி, பின்னால் வருகிறது) அனுப்புங்கள். இரண்டாம் வகையைச் சுருக்குங்கள். லாக் ஃபைல்கள் பத்தில் ஒரு பங்காகக் குறைவது சாதாரணம். மருத்துவ ஸ்கேனில் வரும் டைகாம் ஃபைல் மட்டும் இரண்டு விதமாகவும் இருக்கும். சில மெஷின்கள் உள்ளே சுருக்கித் தரும், சில அப்படியே தரும். ஒரு நாள் ஃபோல்டரை எடுத்துச் சுருக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தமிழ்ல டைப் பண்ண ஃபைல் இங்கிலீஷை விட பெருசா இருக்குது. பேக்கப்பும் வீங்குமா?

வீங்காது, சந்தோஷமாக எழுதுங்கள். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘கோ’ என்பதில் ‘க’ ஒரு குறியீடு, ஓகாரக் குறி இன்னொரு குறியீடு. ஆக ஆறு பைட். ஆனால் அந்த மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் ஒன்றேதான். இரண்டாவது பைட்டுக்கும் இரண்டே மதிப்புகள்தான் உண்டு. மூன்றாவது மட்டும்தான் உண்மையில் மாறிக்கொண்டே இருக்கிறது. இப்படித் திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கும் கருவி எளிதாகப் பிடித்துவிடும். ஃபைலாகப் பார்க்கும்போது தெரிகிற மூன்று மடங்கு, சுருக்கிய பிறகு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

கவனிக்க வேண்டியது ஃபைல் பெயரைத்தான். லினக்ஸ் டிஸ்க்கில் வழக்கமாக இருக்கும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். மூன்றால் வகுத்தால் 85 தமிழ்க் குறியீடுகள். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். கோப்பின் பொருளை முழுசாகப் பெயரில் எழுதும் பழக்கம் உள்ள ஆபீஸ்களில் இந்த எல்லை சீக்கிரமே வந்துவிடுகிறது. பழைய மேக் மெஷினிலிருந்து வந்த ஃபைல் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: ‘கோ’வின் ஓகாரக் குறியை அது இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும். கண்ணுக்கு ஒரே பெயர், லினக்ஸுக்கு இரண்டு வேறு பெயர்கள். ஆர்சிங்கின் ஐகான்வ் விருப்பம் இதற்காகத்தான் இருக்கிறது.

மொத்த சிஸ்டத்தையும் டார் போட்டேன். முடியவே மாட்டேங்குது சார்.

ப்ராக், சிஸ், டெவ், ரன் ஆகிய ஃபோல்டர்களையும் சேர்த்துவிட்டிருப்பீர்கள். அவை டிஸ்க்கில் இல்லை. கெர்னல் அந்த நொடியில் காட்டுபவை. ப்ராக்கில் உள்ள கேகோர் என்ற ஒரே ஃபைல் 64-பிட் மெஷினில் 128 டெராபைட் என்று காட்டும். எக்ஸ்க்ளூட் விருப்பத்தில் இவற்றை விலக்குங்கள், டெம்ப்பையும்தான். ஒன்-ஃபைல்-சிஸ்டம் விருப்பம் கொடுத்தால் மாட்டியிருக்கும் யூஎஸ்பி டிஸ்க்குக்குள்ளும் போகாது.

சுருக்கி வைக்கவே சர்வர்ல இடம் இல்ல. அப்புறம் எப்படி அனுப்பறது?

வைக்கவே வேண்டாம். டாருக்கு வெளியீட்டு ஃபைலின் பெயருக்குப் பதில் ஒற்றைச் சிறுகோடு கொடுங்கள். மூட்டை நேராகப் பைப்பில் வரும். அதை இசட்எஸ்டிக்கும், அங்கிருந்து எஸ்எஸ்எச்சுக்கும் (வெளியூர் சர்வரோடு மறைவாகப் பேசும் இணைப்பு) கொடுங்கள். அந்தப் பக்கம் கேட் கட்டளை வாங்கி ஃபைலில் எழுதிக்கொள்ளும். இங்கே ஒரு பைட்கூட டிஸ்க்கில் உட்காராது. எஸ்எஸ்எச்சின் சொந்தச் சுருக்கமான பெரிய சி விருப்பத்தை இதோடு சேர்க்காதீர்கள். அது ஏற்கெனவே சுருக்கியதையே மறுபடி சுருக்கப் பார்க்கும்.

இதில் இரண்டு குழி உண்டு. பைப் வரிசையில் கடைசிக் கட்டளை வெற்றி என்றால் மொத்தமும் வெற்றி என்று ஷெல் சொல்லிவிடும். டார் நடுவிலேயே செத்திருந்தாலும் பாதி மூட்டை பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, ஸ்கிரிப்ட் ‘சரி’ என்று எழுதும். பாஷ் ஸ்கிரிப்டின் தலையிலேயே பைப்ஃபெயில் போடுங்கள், நடுவில் எது தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று சொல்லும். இன்னொன்று, அந்தப் பக்கம் முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுசாக முடிந்த பிறகே உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். அப்போது பாதியில் நின்றதை முழுசு என்று யாரும் நம்பி ஏமாற மாட்டார்கள்.

எஸ்சிபி பழகின கை. ஆர்சிங்க் எதுக்கு?

ஒரே ஒரு ஃபைலை ஒரு தடவை அனுப்ப எஸ்சிபி போதும். தினமும் அனுப்ப ஆர்சிங்க் வேண்டும். ஆண்ட்ரூ ட்ரிட்ஜலும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்டது. நேற்றைய ஃபைல் அந்தப் பக்கம் இருந்தால், இன்று மாறிய பகுதிகளை மட்டும் கண்டுபிடித்து அனுப்பும். நம் ஏற்றும் வேகத்துக்கு இது பெரிய வரம்.

மூலப் பாதையின் கடைசியில் சாய்கோடு போட்டால் ஃபோல்டரின் உள்ளே இருப்பவை போகும். போடாவிட்டால் ஃபோல்டரே போகும். போனில் வரும் ஆர்சிங்க் புலம்பல்களில் பாதி இந்தச் சாய்கோடுதான். ட்ரை-ரன் விருப்பத்தோடு ஒரு தடவை ஓட்டி, என்ன செய்யப்போகிறது என்று படித்துவிட்டு உண்மையாக ஓட்டுங்கள்.

ஆனா சுருக்கின ஃபைலை ஆர்சிங்க்ல அனுப்பினா தினம் முழுசாத்தான் போகுது?

ஆமாம், சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். சுருக்கிய ஃபைலில் தொடக்கத்தில் ஒரு எழுத்து மாறினாலும் அதற்குப் பிறகு வரும் பைட்டுகள் எல்லாம் மாறிவிடும். ஆர்சிங்க் ஒப்பிடுவதற்குப் பழைய பகுதியே கிடைக்காது. ஜிஜிப், இசட்எஸ்டி இரண்டிலும் ஆர்சிங்கபிள் என்ற விருப்பம் உண்டு. இடையிடையே சுருக்கத்தைப் புதிதாகத் தொடங்கி, மாற்றத்தின் பாதிப்பை அந்தப் பகுதியோடு நிறுத்தும். ஃபைல் கொஞ்சம் பெரிதாகும், அனுப்புவது வெகுவாகக் குறையும். அதைவிடச் சுலபம், ஃபோல்டரைச் சுருக்காமல் ஆர்சிங்குக்கே கொடுத்து, வழியில் மட்டும் சுருக்கும் அதன் இசட் விருப்பத்தைப் போடுவது.

நடுவுல கரண்ட் போயிடுது, இல்ல லைன் கட்டாயிடுது. மறுபடி முதல்லேர்ந்தா?

ஆர்சிங்கில் பார்ஷியல் விருப்பம் கொடுத்தால் வந்த வரைக்கும் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை அங்கிருந்து தொடரும். டைம்அவுட்டும் போடுங்கள், செத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு விடியும் வரை தொங்காது. கையால் ஓட்டுவதாக இருந்தால் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். நீங்கள் லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாலும் வேலை நடக்கும்.

பைப்பில் நேராக அனுப்பும் முறைக்கு இந்த வசதி கிடையாது, அறுந்தால் முதலிலிருந்துதான். அடிக்கடி அறுகிற லைன் என்றால் ஸ்ப்ளிட் கட்டளையால் 1 ஜிபி துண்டுகளாக வெட்டி அனுப்பி, அந்தப் பக்கம் கேட் கட்டளையால் ஒட்டுங்கள். ஒன்று விடாமல் எல்லா இடத்திலும் பார்க்கிறேன், சர்வருக்கு யூபிஎஸ் இருக்கும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சுவர் பிளக்கில் இருக்கும். அந்த இரண்டு சின்ன அடாப்டரையும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றினாலே பாதி அறுப்பு நின்றுவிடும்.

ராத்திரி பாஸ்வேர்டு கேட்டுட்டு அப்படியே நிக்குது.

பாஸ்வேர்டுக்குப் பதிலாக எஸ்எஸ்எச் கீ (ரகசியக் கீ, பொதுக் கீ என்ற ஜோடி) செய்துகொள்ளுங்கள். வகை கேட்டால் ஈடி25519. பொதுக் கீயை அந்தப் பக்கத்து ஆத்தரைஸ்டு-கீஸ் ஃபைலில் சேர்க்க வேண்டும். சேர்த்தும் பாஸ்வேர்டு கேட்டால் அனுமதிகளைப் பாருங்கள்: எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, அந்த ஃபைலுக்கு 600. மற்றவர்கள் எழுத முடிகிற ஃபைலை எஸ்எஸ்எச் நம்பாது.

பேக்கப்புக்கென்று தனிப் பயனர், தனிக் கீ வையுங்கள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரின் கீயைக் கொடுக்காதீர்கள்.

கையில ஓட்டினா ஓடுது. க்ரான்ல போட்டா ஓடல!

முதல் சந்தேகம் பாத்-தின் மேல், அதாவது கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்ற பட்டியலின் மேல். குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் க்ரானுக்கு உங்கள் டெர்மினலில் இருக்கும் பாத் தெரியாது. கட்டளைகளுக்கு முழுப் பாதை கொடுங்கள். இரண்டாவது சந்தேகம் சதவீதக் குறி. ஃபைல் பெயரில் தேதி சேர்க்க டேட் கட்டளையை க்ரான் வரியிலேயே எழுதியிருப்பீர்கள். க்ரான் அந்த வரியில் சதவீதக் குறியைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும். முன்னால் பின்சாய்கோடு போடுங்கள். அல்லது எல்லாவற்றையும் ஸ்கிரிப்டில் எழுதி, க்ரானில் ஸ்கிரிப்டின் பெயரை மட்டும் வையுங்கள். இரண்டாவதுதான் நிம்மதி.

நேற்றைய பேக்கப் முடிவதற்குள் இன்றையது தொடங்கிவிடாமல் இருக்க ஃப்ளாக் கட்டளை உதவும். இரவில் மெஷினை அணைத்துவிடும் ஆபீஸ் என்றால் சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டன்ட் போடுங்கள். தவறவிட்டதைக் காலையில் மெஷின் எழுந்ததும் ஓட்டும். அப்படிக் காலையில் ஓடும்போது பில் கவுன்டர் திணறினால் ஆர்சிங்கின் பிடபிள்யூலிமிட் (லைன் வேகத்துக்கு வரம்பு), அதோடு நைஸ், ஐயோநைஸ் (ப்ராசசரிலும் டிஸ்க்கிலும் முன்னுரிமையைக் குறைப்பவை).

மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரையே டார் போட்டு அனுப்பறோம். சரிதானே?

இல்லை, இதை இன்றே மாற்றுங்கள். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது டார் ஒரு ஃபைலை 2 மணிக்குப் படிக்கும், இன்னொன்றை 2.10க்குப் படிக்கும். நடுவில் ஒரு பில் விழுந்திருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. மீட்கும்போது டேட்டாபேஸ் எழுந்திருக்காமலே போகலாம்.

மைஎஸ்க்யூஎல்-டம்ப் கட்டளையை சிங்கிள்-ட்ரான்சாக்‌ஷன் விருப்பத்தோடு ஓட்டுங்கள். இன்னோடிபி வகை டேபிள்களை ஒரே கணத்தில் நிறுத்திப் படம் எடுத்த மாதிரி தரும், கவுன்டர் வேலையும் நிற்காது. மைஐசாம் என்ற பழைய வகை டேபிள்களுக்கு இது பலிக்காது, பூட்டித்தான் எடுக்க வேண்டும். போஸ்ட்கிரஸுக்கு பிஜி-டம்ப், அதன் கஸ்டம் வடிவம் ஏற்கெனவே சுருக்கித்தான் வரும், மேலே சொன்னபடி மறுபடி சுருக்க வேண்டாம்.

ஆர்சிங்க் டெலீட்டோட தினம் ஓடுது. போன வாரம் அழிஞ்ச ஃபைலைத் தேடினா பேக்கப்லயும் இல்ல!

நீங்கள் வைத்திருந்தது கண்ணாடி. இங்கே அழிந்தது அங்கேயும் அழிந்தது. முதல் கேள்வியில் ரெய்டுக்குச் சொன்னதேதான். பேக்கப் என்றால் போன வாரத்துக்குத் திரும்பிப் போக முடிய வேண்டும்.

லிங்க்-டெஸ்ட் விருப்பத்தில் நேற்றைய ஃபோல்டரைக் காட்டி, இன்றைக்குத் தேதியிட்ட புது ஃபோல்டருக்கு அனுப்புங்கள். மாறாத ஃபைல்களுக்கு ஹார்ட் லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) மட்டும் போடும், மாறியவை மட்டும் இடம் பிடிக்கும். ஒவ்வொரு நாள் ஃபோல்டரையும் திறந்தால் அன்றைய முழுப் படம் இருக்கும். ஏழு நாள், நாலு வாரம், பன்னிரண்டு மாதம் என்று வைத்துக்கொண்டு பழையதை நீக்கலாம். ஆடிட்டர் கேட்கும் கணக்கு என்றால் ஆண்டுக் கடைசிப் பிரதியை நீக்கவே வேண்டாம்.

வாடகை சர்வர்ல நோயாளி விவரம், சம்பளக் கணக்கு வைக்கலாமா?

பூட்டி வைத்தால் வைக்கலாம். எஸ்எஸ்எச் வழியில் மட்டும்தான் மறைக்கிறது. போய்ச் சேர்ந்ததும் ஃபைல் திறந்தபடிதான் கிடக்கும். அனுப்பும் முன் ஜிபிஜி என்ற மறையாக்கக் கருவியால் பூட்டுங்கள். சுருக்கிய பிறகு பூட்ட வேண்டும். பூட்டியது ஒழுங்கே இல்லாத பைட்டுகளாகத் தெரியும், அதைச் சுருக்க முடியாது.

சாவியைச் சர்வரில் மட்டும் வைத்தால், சர்வர் போகும் நாளில் சாவியும் போகும். காகிதத்தில் எழுதி உறையில் போட்டு, முதலாளியின் பீரோவில் பத்திரமாக வையுங்கள். நீங்கள் வேலையை விட்டுப் போனாலும் அந்த ஆபீஸ் தன் தரவைத் திறக்க முடிய வேண்டும். இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன்.

எங்க சர்வர்ல புகுந்தவன் அந்தக் கீயாலயே பேக்கப்பையும் அழிச்சிட்டா?

அழிப்பான். பணம் பறிக்கும் கும்பல்கள் முதலில் தேடுவதே பேக்கப்பைத்தான். அதனால் திசையை மாற்றுங்கள்: சர்வர் தள்ளுவதற்குப் பதில், பேக்கப் மெஷின் வந்து இழுக்கட்டும். உங்கள் சர்வரிடம் பேக்கப் மெஷினின் கீ இருக்கவே கூடாது. இழுக்க வருபவருக்கும் ஆர்சிங்கோடு வரும் ஆர்ஆர்சிங்க் ஸ்கிரிப்டால் ஒரே ஃபோல்டர், படிக்க மட்டும் என்று கட்டுப்பாடு போடலாம்.

அலுவலக லைனுக்கு வெளியிலிருந்து நுழைய வழி இல்லை, தள்ளித்தான் ஆகவேண்டும் என்றால் போர்க் என்ற பேக்கப் கருவியைப் பாருங்கள். சேர்க்கலாம், அழிக்க முடியாது என்ற முறையில் அதை வைக்க முடியும். சுருக்குவது, பூட்டுவது, ஒரே துண்டை இரண்டு தடவை சேமிக்காமல் இருப்பது எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. ரெஸ்டிக்கும் அந்த வகைதான். மேலே சொன்னதெல்லாம் கைக்குப் பழகிய பிறகு இவற்றுக்குப் போனால், உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்து பயன்படுத்துவீர்கள்.

அனுப்பினது ஒழுங்கா போச்சான்னு எப்படித் தெரியும்?

மூன்று படி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எஸ்எச்ஏ256சம் (ஃபைலுக்குக் கைரேகை மாதிரி ஒரு எண் தரும் கட்டளை) போட்டு, வரும் எண் ஒன்றா என்று பாருங்கள். இது வழியில் கெட்டதா என்று மட்டும் சொல்லும். அடுத்து ஜிஜிப்பிலோ இசட்எஸ்டியிலோ சோதனை விருப்பத்தை ஓட்டுங்கள். விரிக்க முடிகிறதா என்று தெரியும். இந்த இரண்டையும் ஸ்கிரிப்டே செய்துவிடும்.

மூன்றாவதை ஆள்தான் செய்ய வேண்டும். மாதம் ஒரு தடவை வேறொரு மெஷினில் இறக்கி, விரித்து, டேட்டாபேஸை ஏற்றி, நேற்றுப் போட்ட பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து முதலாளியிடம் காட்டுங்கள். ஏற்றியதற்கு நாலரை மணி நேரம் கணக்குப் பார்த்த மாதிரியே, இறக்க எவ்வளவு ஆகும் என்றும் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மீட்டுப் பார்த்தேன். ஃபைல் எல்லாம் வேற யூசர் பேர்ல வந்திருக்குது.

டார் உரிமையாளரைப் பெயராகவும் எண்ணாகவும் குறித்து வைக்கிறது. விரிக்கும்போது முதலில் பெயரைத் தேடும். புது மெஷினில் அதே பெயருக்கு வேறு எண் இருந்தால் மாறிவிடும். முழு சிஸ்டத்தை மீட்கும்போது நியூமெரிக்-ஓனர் கொடுங்கள், ரூட்டாக விரியுங்கள்.

ஆர்சிங்கில் சாதாரணப் பயனராக அந்தப் பக்கம் எழுதினால் உரிமையாளர் விவரமே போய்விடும். ஃபேக்-சூப்பர் விருப்பம் அதைக் கூடுதல் குறிப்பாகச் சேமித்துவைக்கும். ஆர்சிங்கின் ஏ விருப்பம் எல்லாவற்றையும் எடுக்கும் என்று நினைப்பவர்களுக்கு: ஹார்ட் லிங்க், ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்), எக்ஸ்ஆட்டர் (ஃபைலின் கூடுதல் குறிப்பு) மூன்றும் அதில் சேராது. பெரிய எச், பெரிய ஏ, பெரிய எக்ஸ் தனியாகக் கொடுக்க வேண்டும்.

எக்ஸ்இசட்ல திருட்டுக் கதவு வெச்சிருந்தாங்களாமே. பழைய எக்ஸ்இசட் பேக்கப்பை எல்லாம் தூக்கிப் போடணுமா?

வேண்டாம். 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்பவர், எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, நூல் பிடித்துப் போய்க் கண்டுபிடித்தது அது. 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளின் நிரலில்தான் கதவு இருந்தது. நீங்கள் சுருக்கி வைத்த ஃபைலில் எதுவும் இல்லை. அந்த ஃபைல் வடிவமும் மாறவில்லை.

எக்ஸ்இசட்டை வெர்ஷன் விருப்பத்தோடு ஓட்டி எண்ணைப் பாருங்கள். அந்த இரண்டில் ஒன்று வந்தால் உடனே அப்டேட் செய்யுங்கள். அந்தக் காலத்தில் அந்த மெஷினின் எஸ்எஸ்எச் இணையத்துக்குத் திறந்திருந்தால், புதிதாக நிறுவிவிட்டுக் கீகளையும் மாற்றிவிடுங்கள். உபுண்டு 22.04, டெபியன் 12 போன்ற நிலையான வெளியீடுகளுக்கு அந்தப் பதிப்புகள் வந்துசேரவே இல்லை. நம் பக்கத்து ஆபீஸ்களில் ஓடுபவை பெரும்பாலும் இவைதான்.